தண்ணீரில் இறுகும் தூள்

சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் வீடு கட்டுகிற பலரும் நம்புகிறார்கள். நேற்றுப் போட்ட தளத்தை இன்று பார்த்துவிட்டு, "நல்ல வெயில், சீக்கிரம் கெட்டியாகிடுச்சு" என்று மகிழ்ந்துபோகிற வீட்டுக்காரரை எந்த ஊரிலும் பார்க்கலாம். நடப்பது அதற்கு நேர்மாறு. சிமெண்ட் தண்ணீரோடு கூடி வேதிவினை புரிந்துதான் கல்லாகிறது. தண்ணீர் வற்றிய இடத்தில் அந்த வினையும் நின்றுவிடும். ஆற்றுக்கு அடியில் கொண்டுபோய் ஊற்றினாலும் அது இறுகும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் மனிதர்கள் இந்தப் பொருளைத் தேடி அலைந்தார்கள். கிடைத்த பிறகு அந்தக் குணத்தையே மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

சிமெண்டுக்கு முன்னால் உலகத்தைக் கட்டியது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் அடுக்கிச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். அதில் மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் வைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறும். நம் கொத்தனார்கள் அதில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பளிங்குபோலத் தேய்த்தெடுத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இன்றும் அந்த வழவழப்பைத் தடவிப் பார்க்கலாம். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பைக் கண்டு அசந்து எழுதிவைத்த ஆங்கிலேயர்கள் பலர்.

ஆனால் அந்தச் சுண்ணாம்புக்குக் காற்று வேண்டும். தண்ணீருக்குள் வைத்தால் மாதக்கணக்கானாலும் கூழாகவே கிடக்கும், அலை அடித்தால் கரைந்துபோகும். பாலத்தின் கால், துறைமுகச் சுவர், கடலுக்குள் நிற்கும் விளக்குக் கோபுரம் ஆகியவற்றை வெறும் சுண்ணாம்பை நம்பிக் கட்ட முடியாது.

ரோமானியர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் பொட்சுவோலியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் அது தண்ணீருக்குள்ளும் இறுகியது. விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் குறுக்களவு கொண்டது. கம்பி எதுவும் இல்லாமல் அதே வகைக் கலவையாலேயே சுமார் 1900 ஆண்டுகளாக நிற்கிறது. எரிமலை கிடைக்காத ஊர்களில் செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சேர்த்தார்கள். இந்தியாவில் அந்தப் பொடிக்குச் சுர்க்கி என்று பெயர். எரிமலையில் வெந்த சாம்பலானாலும் சூளையில் வெந்த செங்கல் பொடியானாலும் செய்யும் வேலை ஒன்றுதான். அவற்றிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் தண்ணீரின் முன்னிலையில் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்கின்றன. ஏன் பிடித்துக்கொள்கின்றன என்று சோதனை செய்து கேட்டவர்தான் அந்தக் காலத்தில் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

கேட்க வைத்தது ஒரு பாறை. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே 22 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் இருக்கும் எடிஸ்டோன் பாறையில் மோதி எத்தனையோ கப்பல்கள் உடைந்திருக்கின்றன. அங்கே 1698இல் ஹென்றி வின்ஸ்டன்லி முதல் விளக்குக் கோபுரத்தை எழுப்பினார். 1703 நவம்பரில் வந்த பெரும்புயல் அதை அடித்துக்கொண்டு போனது. அன்றிரவு உள்ளே இருந்த வின்ஸ்டன்லியும் போய்விட்டார். அடுத்து மரத்தால் கட்டிய கோபுரம் 1755இல் தீப்பிடித்து எரிந்தது. மூன்றாவதைக் கட்டும் பொறுப்பு லீட்ஸ் பக்கத்துக்காரரான ஜான் ஸ்மீட்டனிடம் வந்தது.

ஸ்மீட்டன் கருங்கல்லால் கட்டத் தீர்மானித்தார். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி கற்களை வெட்டிக்கொண்டார். ஆனால் கற்களுக்கு நடுவே வைக்கும் சாந்து? ஒரு வரிசையை வைத்து முடிப்பதற்குள் கடல் ஏறி மூடிவிடும் இடம் அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுண்ணாம்புக் கற்களைத் தருவித்து, சுட்டு, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். கெட்டியான கல்லிலிருந்துதான் உறுதியான சுண்ணாம்பு வரும் என்பது ரோமானியக் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. ஸ்மீட்டனின் சோதனையில் கெட்டியான பளிங்கும் மிருதுவான சுண்ணக்கட்டிக் கல்லும் ஒரே தரமான சுண்ணாம்பைத்தான் கொடுத்தன. வேல்ஸ் கடற்கரையில் அபர்தா என்ற ஊரிலிருந்து வந்த நீலம் பாய்ந்த கல்லின் சுண்ணாம்பு மட்டும் தண்ணீருக்குள் தெளிவாக இறுகியது.

பிளிமத்தில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் வில்லியம் குக்வொர்தி ஒரு வேதியியல் அறிஞர். கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் முறையை அவர்தான் கற்றுக்கொடுத்தார். தண்ணீரில் இறுகாத கற்கள் அநேகமாக முழுவதும் கரைந்துபோயின. அபர்தா கல் கரைந்த பிறகு அடியில் ஒரு படிவு மிஞ்சியது. பார்த்தால், களிமண். அதுவரை சுண்ணாம்பின் அழுக்கு என்று கருதப்பட்டதுதான் அதைத் தண்ணீரில் இறுக வைக்கிறது! இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பதினெட்டு நூற்றாண்டுகளாக நம்பி வந்த ஒன்று, ஒரு கிண்ணம் அமிலத்தில் தீர்ந்துபோனது.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு விற்கலாம் என்று எண்ணி இத்தாலியிலிருந்து எரிமலைச் சாம்பலை இறக்குமதி செய்துவிட்டு, விற்காமல் வைத்திருந்த வியாபாரி ஒருவர் பிளிமத்திலேயே இருந்தார். ஸ்மீட்டன் அதை வாங்கி அபர்தா சுண்ணாம்போடு சரிபாதியாகக் கலந்தார். 1759 அக்டோபரில் விளக்கு எரிந்தது. நூறாண்டு கடந்து, கோபுரம் உறுதியாக இருக்கும்போதே அதைத் தாங்கிய பாறைதான் கடலால் அரிக்கப்பட்டது. மேல்பகுதியைப் பெயர்த்து வந்து பிளிமத் கரையில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

ஸ்மீட்டன் தன் சோதனைகளை நூலாக வெளியிட்டது 1791இல். அதன்பின் வேலை வேகமெடுத்தது. 1796இல் ஜேம்ஸ் பார்க்கர், இயற்கையிலேயே களிமண் கலந்த சுண்ணாம்பு உருண்டைகளைச் சுட்டு அரைத்து "ரோமன் சிமெண்ட்" என்று காப்புரிமை வாங்கினார். பிரான்சில் லூயி விக்கா என்ற இளம் பொறியாளர், இயற்கை கலந்து தரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சுண்ணாம்பையும் களிமண்ணையும் நாமே அளந்து சேர்த்துச் சுடலாம் என்று சோதனைகளால் நிறுவினார். சாந்து எந்நேரத்தில் இறுகத் தொடங்குகிறது என்று பார்க்க ஊசியைக் குத்தி அளக்கும் அவருடைய கருவி இன்றும் நம் சிமெண்ட் ஆலைகளின் சோதனைக்கூடங்களில் "விக்கா ஊசி" என்ற பெயரிலேயே இருக்கிறது.

பாடநூல்கள் சிமெண்டின் தந்தை என்று சொல்வது ஜோசப் ஆஸ்ப்டினை. லீட்ஸைச் சேர்ந்த கொத்தனார். 1824 அக்டோபர் 21ஆம் தேதி செயற்கைக் கல் செய்யும் முறைக்கென்று காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் அப்போது உயர்வாக மதிக்கப்பட்ட போர்ட்லண்ட் தீவுக் கல்லின் பெயரைத் தன் தூளுக்கு வைத்தார். சாலையில் பாவியிருந்த சுண்ணாம்புக் கல்லைப் பெயர்த்து எடுத்ததற்காக அவர்மீது இருமுறையாவது வழக்குப் போட்டிருக்கிறார்கள். தொழிலில் அத்தனை தீவிரம். ஆனால் அவர் காப்புரிமையில் எழுதியபடி, கரியமில வாயு வெளியேறும் வரை மட்டும் சுட்டால் வருவது இன்றைய சிமெண்ட் ஆகாது. பெயர் அவருடையது. பொருள் பிறந்தது பிறகு.

அதைப் பிறப்பித்தது கூடுதல் சூடு. சூளையில் சில இடங்களில் தீ மிஞ்சிப்போய், கலவை பாதி உருகிக் கறுத்த கட்டிகளாக மாறும். அரைக்கும் கல்லையே தேய்த்துவிடும் அளவுக்குக் கெட்டி. அதைக் கெட்டுப்போன சரக்கென்று பொறுக்கி எறிந்துவந்தார்கள். ஆஸ்ப்டினின் மகன் வில்லியம் 1840களில் லண்டன் பக்கம் வந்து தனியே ஆலை தொடங்கியபோது, அந்தக் கட்டிகளில்தான் உறுதி இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார் போலிருக்கிறது. அவருடைய சிமெண்ட் மற்ற எல்லாவற்றையும்விட வலுவாக இருந்தது. ரகசியத்தைக் காப்பதிலும் மனிதர் கெட்டிக்காரர். ஏதோ வண்ண உப்புகளைத் தட்டில் ஏந்திச் சூளைக்குள் தூவுவாராம். அதில்தான் சூட்சுமம் என்று தொழிலாளர்களே நம்பவேண்டும் என்பதற்காக.

போட்டி ஆலையின் மேலாளர் ஐசக் சார்லஸ் ஜான்சன் அந்தச் சிமெண்டை வாங்கி, வேதியியலாளர் ஒருவரிடம் கொடுத்துப் பகுத்துப் பார்த்தார். அதில் எலும்பில் உள்ள சத்து இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஜான்சன் எலும்புகளை வாங்கித் திறந்தவெளியில் எரித்தார். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அவர் எந்தக் குறுக்குவழியையும் நாடவில்லை. தேம்ஸ் கரைச் சுண்ணக்கட்டிக் கல்லையும் ஆற்றுக் களிமண்ணையும் வெவ்வேறு அளவில் சேர்த்துச் சேர்த்துச் சுட்டுப் பார்த்தார். ஒருமுறை சூளை மிஞ்சிப்போய்க் கட்டி தட்டியதை எறிய மனமில்லாமல் அரைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தார். இறுகவில்லை. சரி, இதுவும் வீண் என்று விட்டுவிட்டார். சில நாள் கழித்துத் தற்செயலாகப் பார்த்தால் அது வேறு எந்தச் சிமெண்டையும்விடக் கெட்டியாக இருந்தது. அதன் பின் வேண்டுமென்றே அப்படிச் சுடத் தொடங்கினார். வில்லியம் ஆஸ்ப்டின் கடைசியில் ஜெர்மனிக்குப் போய் 1864இல் அங்கேயே இறந்தார். ஜான்சன் தன் நூறாவது வயதையும் கண்டார். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பெரிய மரியாதை ஸ்மீட்டனின் கேள்விக்கும் ஜான்சனின் பொறுமைக்கும்தான் உரியது.

கட்டிக்குள் என்ன நடந்தது என்பதை 1880களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி லெ ஷாதலியே விளக்கினார். சுமார் 1250 டிகிரிக்கு மேல் சூடேறும்போது சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்ந்து புதிய படிகம் ஒன்று உருவாகிறது. பின்னாளில் அதற்கு அலைட் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய உலைகள் 1450 டிகிரியில் எரிவது இந்தப் படிகத்துக்காகவே. அன்று பொறுக்கி எறிந்த அந்தக் கட்டிதான் இன்று ஆலைகள் கண்ணும் கருத்துமாகச் செய்யும் கிளிங்கர். அதை ஜிப்சத்தோடு சேர்த்து நுணுக்கி அரைத்தால் சிமெண்ட். ஜிப்சம் இல்லையென்றால் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் கலவை இறுகிவிடும், கொத்தனார் கரணையை எடுப்பதற்குக்கூட நேரம் இருக்காது.

நல்ல பொருள் கிடைத்துவிட்டது, ஆனால் மூட்டைக்கு மூட்டை தரம் மாறினால் யார் நம்புவார்கள்? 1858 கோடையில் தேம்ஸ் நதியின் சாக்கடை நாற்றம் நாடாளுமன்றத்தையே மூச்சுத் திணற வைத்தது. லண்டன் முழுவதற்கும் புதிய கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டும் வேலை பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டின் தலைமையில் தொடங்கியது. அவரிடம் வேலைபார்த்த ஜான் கிராண்ட், வந்திறங்கிய சிமெண்டையெல்லாம் சோதித்தார். 8 வடிவ அச்சில் வார்த்து, தண்ணீருக்குள் ஊறவைத்து, இழுத்து உடைத்து வலிமையை அளந்தார். சிமெண்ட் மாதங்கள் போகப் போக வலுவடைந்துகொண்டே போகிறது, குழைக்கும்போது தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு உறுதி என்பவை அவர் கண்ட முடிவுகள். தண்ணீர்க் கணக்கை 1918இல் அமெரிக்காவின் டஃப் ஏப்ரம்ஸ் ஒரு விதியாகவே வகுத்தார்.

கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல்விடும். அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் ஒருவர் தோட்டக்காரர். ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுக்காரர் பெரிய செடித்தொட்டிகள் உடையாமல் இருக்க உள்ளே கம்பிவலை வைத்து வார்த்து 1867இல் காப்புரிமை வாங்கினார். இரும்பும் கான்கிரீட்டும் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. இந்த இரண்டு பொருத்தங்களும் இல்லையென்றால் இன்றைய கான்கிரீட் மாடிக் கட்டடம் எதுவும் நின்றிருக்காது.

இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி நம் சென்னையில்தான் நடந்தது. 1904இல் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் கடல் கிளிஞ்சலைச் சுண்ணாம்புக்கு ஆதாரமாக வைத்துத் தொடங்கியது. அது நிலைக்கவில்லை. நிலைத்தது போர்பந்தரில் எழுந்த ஆலை, 1914இல் உற்பத்தி தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுக்கரையில் 1934இலும் டால்மியாபுரத்தில் 1939இலும் தாழையூத்தில் 1949இலும் ஆலைகள் வந்தன. பின்னர் அரியலூர் வட்டாரமே சிமெண்ட் ஊராக மாறியது. அங்கே சுரங்கத்தில் வெட்டுகிற சுண்ணாம்புக் கல், டைனோசர் காலத்தில் கடல் அங்கு வரை ஏறியிருந்தபோது படிந்தது. சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகள் கல்லுக்குள் அப்படியே கிடைக்கின்றன. 1982 வரை விலையும் விநியோகமும் முழுக்க அரசின் கையில் இருந்ததால், வீடு கட்டுகிறவர் பெர்மிட் வாங்கி நாள் எண்ணிக் காத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இங்கு சிமெண்ட் ஆலைகள் வருவதற்கு முன்பு, 1887 முதல் 1895 வரை பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் சாந்து சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். இங்கிலாந்தில் அப்போது போர்ட்லண்ட் சிமெண்ட் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. மலைக்காட்டுக்குள் கட்டிய இந்த அணைக்கு அது தேவைப்படவில்லை.

சிமெண்டோடு இன்னொரு உறவும் நமக்குண்டு. சிமெண்டைச் சோதிக்க அதோடு கலக்கும் மணல் நாடு முழுவதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இந்தியத் தர நிர்ணயம் அதற்குத் தேர்ந்தெடுத்தது எண்ணூர் மணலை. ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு எண்ணூர் மணல், 70.6 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம், 28 நாள் ஊறல். பிறகு நசுக்கிப் பார்க்கிறார்கள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் 43, 53 என்ற எண்கள் ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் நியூட்டன் அளவு. 53 என்றால் உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கட்டி ஏறக்குறைய 27 டன் பாரம் தாங்குகிறது.

அந்த 28 நாளும் சோதனைக் கட்டி தண்ணீருக்குள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டுத் தளத்துக்கும் தூணுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்கிறோமா? கலவை இளக்கமாக ஓடவேண்டும் என்று ஊற்றும்போது ஒரு குடம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தேவைக்கு மேற்பட்ட அந்தத் தண்ணீர் பின்னால் வெளியேறி நுண்துளைகளை விட்டுச் செல்லும். அதே கான்கிரீட்டுக்கு மறுநாள் தண்ணீர் வேண்டும்போது யாரும் ஊற்றுவதில்லை. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதும் தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைப்பதும் சில்லறை வேலையென்று சித்தாள் தலையில் கட்டப்படுகின்றன. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளாவது நனைக்கச் சொல்கிறது. நம் ஊர்போல வறண்ட வெயிலில் பத்து நாள். கடையில் இன்று அதிகம் விற்பது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. அதன் வினை மெதுவானது என்பதால் வெயில் காலத்தில் பதினான்கு நாள் வரை நனைப்பது நல்லது. நல்ல மேஸ்திரிகளுக்கு இது தெரியும். வீட்டுக்காரர்தான் நான்காம் நாளே சுவர் எழுப்பச் சொல்லி அவசரப்படுத்துகிறார். கம்பி துருத்தி, தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து, சிமெண்டில் கலப்படம் என்று பின்னால் பழி போடுகிற வீடுகள் பலவற்றுக்கு, பேசாமல் தண்ணீர் ஊற்றியிருந்தாலே போதும்.

கிளிங்கருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லை எரிக்கும்போது அதிலிருந்து கரியமில வாயு கிளம்பியே தீரும், எந்த எரிபொருள் போட்டாலும் அதைத் தவிர்க்க முடியாது. உலகம் ஆண்டுக்கு 400 கோடி டன் அளவில் சிமெண்ட் செய்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் இதிலிருந்து வருகிறது. எனவே கிளிங்கரின் பங்கைக் குறைக்கும் ஆராய்ச்சி எங்கும் நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் கியூபாவின் ஆராய்ச்சியாளர்களும் சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.களும் சேர்ந்து உருவாக்கிய எல்.சி.3 என்ற சிமெண்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் பெரும்பங்கு சுட்ட களிமண், கொஞ்சம் சுடாத சுண்ணாம்புக் கல் தூள், கொஞ்சம் ஜிப்சம். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரிச் சூடு போதும். கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. 2023இல் இந்தியத் தர நிர்ணயம் இதற்கு ஐ.எஸ். 18189 என்ற தரக்குறியைக் கொடுத்தது. சுர்க்கி அரைத்த கைகள் செய்த வேலையையே, எந்தக் களிமண், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று துல்லியமாக அளந்து செய்கிறார்கள். பீங்கானுக்கு ஆகாது என்று சுரங்க ஓரங்களில் குவித்துவைத்திருக்கும் தரம் குறைந்த களிமண்ணே இதற்குப் போதுமானது.